புட் அப்: ஒரு வினைச்சொல்லும் எங்கள் சீத்தா கேம்பும்

வெள்ளிக்கிழமை காலை. பஹ்ரைனில் எங்களுக்கு வெள்ளிதான் ஞாயிறு. சாவகாசமாக காப்பியோடு உட்கார்ந்தேன். எட்டாவது படிக்கும் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து மூக்குக்கு நேராக நீட்டினாள். ஆங்கில வீட்டுப்பாடம். மேலே கொட்டை எழுத்தில் 'புட் அப்' என்று போட்டிருந்தது. கீழே பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் புட் அப் வருகிறது, ஒவ்வொன்றிலும் அர்த்தம் வேறு. அதே பொருள் தருகிற ஒற்றைச் சொல் ஒன்றைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

"அப்பா, நீங்க பேங்க்ல நாள் முழுக்க இங்கிலீஷ்லதானே எழுதுறீங்க? சொல்லுங்க."

அடுப்படியிலிருந்து தங்கமணியின் குரல் வந்தது: "அவருக்கு ஃபைல் புட் அப் பண்ண மட்டும்தான் தெரியும். பாத்து எழுது!"

மானப்பிரச்சினை ஆகிவிட்டது. உட்கார்ந்தோம். கூடாரத்தைப் புட் அப் செய்தால் எழுப்புவது. விருந்தாளியைப் புட் அப் செய்தால் தங்க வைப்பது. சுவரில் அறிவிப்பைப் புட் அப் செய்தால் ஒட்டுவது. வீட்டை விற்பனைக்குப் புட் அப் செய்யலாம், தேர்தலில் ஆளைப் புட் அப் செய்யலாம், வாடகையைப் புட் அப் செய்யலாம் (இதை எங்கள் வீட்டுக்காரர் வருஷா வருஷம் தவறாமல் செய்கிறார்). முதலைப் புட் அப் செய்தால் பணம் போடுவது. எதிர்ப்பைப் புட் அப் செய்தால் சண்டை போடுவது. கடைசியில் ஒரு 'வித்' சேர்ந்துவிட்டால், அத்தனையும் மாறிப்போய், பொறுத்துக்கொள்வது. ஒன்பது ஆயிற்று. பத்தாவது, மாணவரே சொந்தமாக ஒரு அர்த்தம் எழுத வேண்டிய இடம். 'சமர்ப்பித்தல்' என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். இருபது வருஷமாக மேலாளர்கள் என் கோப்புகளில் 'ப்ளீஸ் புட் அப்' என்று கிறுக்கியதன் பயன்!

ஞாயிற்றுக்கிழமை தாள் திரும்பி வந்தது. பத்துக்கு ஒன்பது. பத்தாவதில் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. நான் புரட்டிப் பார்த்த பள்ளி அகராதியிலும் அந்த அர்த்தம் இல்லை. கோப்பைப் 'புட் அப்' செய்வது நம்ம ஊர் அலுவலகங்களில் ஊறிப்போன ஆங்கிலம்.

என்னடா, ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுக்கக் கிளம்பிவிட்டானா என்று பயப்படாதீர்கள். அன்று ராத்திரி அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பட்டது. இந்தப் பத்து அர்த்தத்தில் பாதிக்கு மேல் எங்கள் குடும்பத்துக்கு நடந்திருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த சீத்தா கேம்பின் கதையே இந்த ஒரு வினைச்சொல்லுக்குள் அடங்குகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் சொல்லின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சின்ன வினையோடு ஒரு குட்டிச் சொல்லை ஒட்டி அர்த்தத்தையே புரட்டிப் போடும் இந்த வழக்கம் வெளியாட்களை ரொம்பப் படுத்தும் என்று சாமுவேல் ஜான்சன் 1755-லேயே தன் அகராதியின் முன்னுரையில் எழுதிவிட்டார். ஆனால் இவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியது 1925-ல் லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான். பெயர் இல்லாமலே பல நூற்றாண்டுகள் பாடாய்ப் படுத்தியிருக்கிறது!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'பொறுத்துக்கொள்' என்கிற அர்த்தம் வந்த வழி. பழைய ஆங்கிலத்தில் புட் அப் என்றால் எடுத்து உள்ளே வைப்பது என்றும் ஒரு பொருள் உண்டு. வாளை உறையில் போடுவதும் புட் அப், பணத்தைப் பையில் போடுவதும் புட் அப். 1611-ல் வந்த ஆங்கில பைபிளில் பேதுருவை வாளை உறையில் போடச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது. அப்படியே, ஒருத்தன் செய்த அவமானத்தைத் திருப்பிக் கொடுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு போவதும் புட் அப் ஆனது. 'வித்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொள்வது என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆங்கிலேயனிடம் பை இருந்தது, நம் அம்மாக்களிடம் முந்தானை இருந்தது.

இதற்கு வேறு சொற்கள் என்று பார்த்தால் 'டாலரேட்' லத்தீனில் சுமப்பது என்ற பொருளிலிருந்து வந்தது. 'பேர்' என்றாலும் சுமப்பதுதான். 'என்ட்யூர்' என்பதற்கு வேர் கடினமாவது, இறுகிப் போவது. நம் 'பொறு'வும் பாரம் தாங்குகிற சொல்தான். பொறுமையும் பொறுப்பும் ஒரே வேரில் கிளைத்தவை.

தமிழில் புட் அப்புக்கு ஒரே சொல் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சீத்தா கேம்பில் பேசுகிற தமிழை நினைத்துப் பார்த்தால், அட, 'போடு' இருக்கிறதே! குடிசை போடு. நோட்டீஸ் போடு. மனு போடு. கேஸ் போடு. பணம் போடு. சண்டை போடு. அறிவிப்பு முதல் அடிதடி வரை எல்லாவற்றுக்கும் போடுதான். இரண்டு இடத்தில் மட்டும் அது உதவாது. தங்க வைப்பதற்கு 'வை' வேண்டும், பொறுத்துக்கொள்ள 'கொள்' வேண்டும். இந்த இரண்டு இடத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

மும்பையின் கிழக்குக் கோடியில், மான்குர்த் ரயில் நிலையத்தில் இறங்கி ட்ராம்பே பக்கம் போனால், கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது சீத்தா கேம்ப். தமிழ், இந்தி, உருது, மராத்தி எல்லாம் ஒரே சந்தில் கேட்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு குடிசைப் பகுதி. ஆனால் உள்ளே நடந்தால் சந்துகள் நேர்கோட்டில் போவதைக் கவனிக்கலாம். தானாக முளைத்த இடம் அப்படி இருக்காது. இது யாரோ கோடு போட்டுக் கொடுத்த இடம். கோடு போட்ட வருஷம் 1976.

அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் இருந்த இடத்துக்கு ஜனதா காலனி என்று பெயர். அதுவும் அவர்களாகத் தேடிப் போன இடமில்லை. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகரத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்களை மாநகராட்சி அப்புறப்படுத்தி, அப்போது ஊருக்கு வெளியே கிடந்த மான்குர்த் சதுப்பில் கொண்டுபோய் வைத்தது. சதுப்பைத் தூர்த்து மேடாக்கி வீடாக்கியது ஜனங்கள். பிறகு ஊரிலிருந்து மச்சான், மாமன், பக்கத்துத் தெருக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எங்கள் அப்பா 1964-ல் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இறங்கியபோது அவருக்கு வயது 16. தூரத்து உறவுக்காரர் ஒருவர் தன் ஜோப்படாவில் படுக்க இடம் கொடுத்தார். மகளின் தாளில் இரண்டாவது வாக்கியம்: விருந்தாளியைத் தங்க வைப்பது. அந்த விருந்தாளி நாலு வருஷம் இருந்தார் :-)

காலனிக்குப் பக்கத்தில் வேறொன்றும் வளர்ந்துகொண்டிருந்தது. 1954-ல் ட்ராம்பேயில் அணுசக்தி நிலையம் தொடங்கினார்கள். 1956 ஆகஸ்டில் அங்கே 'அப்சரா' அணு உலை இயங்க ஆரம்பித்தது. ஹோமி பாபா 1966-ல் விமான விபத்தில் இறந்தபின், 1967-ல் அதற்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறியது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் குடியிருப்பு வேண்டும், பாதுகாப்பு வேண்டும். ஜனதா காலனி இருந்த நிலம் கண்ணில் பட்டது. காலி செய்யச் சொல்லி அறுபதுகளின் கடைசியிலேயே பேச்சு வந்துவிட்டது. நோட்டீஸ் போட்டார்கள்.

இங்கேதான் ஜோக்கின் அற்புதம் வருகிறார். கோலார் தங்க வயல் தமிழர். 1963-ல் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை பார்த்துக்கொண்டு இதே காலனியில் இருந்தவர். பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுப் பாடி, ஒரு பள்ளிக்கூடம் மாதிரி நடத்தினார். காலனியில் குப்பை அள்ள மாநகராட்சி வருவதே இல்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒருநாள் பிள்ளைகளை எல்லாம் பிக்னிக் போகலாம் என்று திரட்டினார். ஆளுக்கு ஒரு கிலோ குப்பையைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி எடுத்துவரச் சொன்னார். ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலகத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தார்கள். அப்புறம் குப்பை வண்டி வந்தது. மேலதிகாரிக்கு விஷயத்தைப் 'புட் அப்' செய்வதற்கு இதைவிடத் தெளிவான வழியை நான் எந்த வங்கியிலும் பார்த்ததில்லை.

காலனியைக் காப்பாற்ற அவர் கோர்ட்டுக்குப் போனார், டெல்லிக்குப் போனார், நாடாளுமன்றத்துக்கு வெளியே உட்கார்ந்தார், பிரதமர் இந்திரா காந்தியைப் பார்த்து முறையிட்டார். கைதானது எத்தனை முறை என்று விரல்விட்டு எண்ண முடியாது. கிட்டத்தட்ட பத்து வருஷம் இழுத்துப் பிடித்தார்கள். ஒரு குடிசைப் பகுதிக்குப் பத்து வருஷம் என்பது சாதாரணமா? அதற்குள் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் முடித்துவிடும்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. கூட்டம் போட முடியாது, சண்டை போட முடியாது. அந்த வருஷமே, காலி நிலத்தில் அனுமதியில்லாமல் இருப்பவர்களைச் சட்டென்று வெளியேற்ற மகாராஷ்டிராவில் ஒரு தனிச்சட்டம் வந்தது. 1976 ஜனவரி 4-ம் தேதி பம்பாய் முழுக்க ஒரே நாளில் குடிசைக் கணக்கெடுப்பு. அந்த மே மாதம் ஜனதா காலனியை போலீஸ் காவலோடு இடித்தார்கள். சுமார் 70,000 பேர். சில கிலோமீட்டர் தள்ளி, கழிமுகத்து ஓரத்தில் கோடு போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்த மனைகள். அதற்கு 'பிட்ச்' என்று பெயர். கிரிக்கெட் பிட்ச் இல்லை, கூடாரம் அடிக்கிற இடம் என்கிற பொருளில். ஆங்கிலத்தில் பார்த்தால் அதுவும் புட் அப்புக்கு ஒரு உறவுக்காரச் சொல்தான்.

அரசுக் காகிதம் இதை மறுகுடியமர்வு என்று சொல்லும். ஆங்கிலத்தில் எழுதினால், காலனிக்காரர்களைச் சீத்தா கேம்பில் 'புட் அப்' செய்தார்கள் என்று எழுதலாம், இலக்கணப்படி தப்பே இல்லை. நானும் மகளுக்கு அப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தேன்: "தாத்தா ஆட்களை கவர்மெண்ட் அங்க கொண்டுபோய்த் தங்க வச்சாங்க." அப்புறம் தோன்றியது, தாத்தாவையே கேட்டுவிடலாமே என்று. வாட்ஸ்அப்பில் அழைத்தோம். அப்பாவுக்கு இப்போது 77. தம்பி குடும்பத்தோடு இன்னும் அதே பிட்ச்சில்தான் இருக்கிறார். (மேலே ஒரு மாடி ஏறிவிட்டது.) நான் சொன்னதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது.

"ஏல, யாரு எங்களக் கொண்டாந்து வச்சது? லாரில சாமான ஏத்துனான், கோடு போட்டான், போயிட்டான். முட்டளவு சகதி. கம்பு நாங்க வாங்குனோம், தார்ப்பாய் நாங்க வாங்குனோம். குடிச நாங்கதாம் போட்டோம். வச்சானாம்ல, வச்சான்!"

பார்த்தீர்களா, ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 'வைத்தார்கள்' என்றால் செய்தது அரசாங்கம். 'போட்டோம்' என்றால் செய்தது நாங்கள். ஒரே நிகழ்ச்சி, ஒரே சேறு. எந்த வினைச்சொல்லை எடுக்கிறோம் என்பதில் யார் வியர்வை என்பது மாறிப்போகிறது. மொழிபெயர்ப்பில் இது தொலைந்துவிடும். காகிதத்திலும் தொலைந்துவிட்டது.

மகள் விடவில்லை. ஒன்பதாவது வாக்கியம் ஞாபகம் வந்திருக்கும் போல. "தாத்தா, நீங்க ஏன் அத பொறுத்துக்கிட்டீங்க? சண்ட போட்டிருக்கலாம்ல?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "போட்டோம்ளா. பத்து வருசம் போட்டோம். கடசி ரெண்டு நாளு தொண்ட கிழியக் கத்துனோம். இடிச்சது மே மாசம்மா. ஜூன்ல மழ வந்துரும். ஒங்க ஆச்சி கையில பச்சப்புள்ள, ஒன் பெரியத்த. கூர போட வேண்டாமா?"

பம்பாய் மழை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நகரத்தின் இன்னொரு மூலையில் நடந்த ஒரு தமிழரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அது சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்ட கதை. பி. அங்கமுத்து. சேலம் பக்கத்து நிலமற்ற விவசாயக் கூலி. பஞ்சத்தால் 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட் போட்ட ஒரு மறைப்புக்காக அவரிடம் ஒரு தாதா 2,500 ரூபாய் பிடுங்கியிருக்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு நாள் கூலிக்கு மேல். நடைபாதைக்கே இந்தப் பகடி! 1981 ஜூலையில், அந்துலே முதலமைச்சராக இருந்தபோது, நடைபாதைவாசிகளை ஊருக்கே திருப்பி அனுப்பும் உத்தரவு வந்தது. அங்கமுத்துவின் குடிசையைப் பிடுங்கிப் போட்டு, மனைவி, மூன்று பெண்பிள்ளைகளோடு அவரைப் பஸ்ஸில் ஏற்றி சேலத்துக்கு அனுப்பினார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்து மறுபடி நடைபாதையில் குடிசை போட்டார். வேலை இங்கேதானே இருக்கிறது?

அவரும் மற்றவர்களும் போட்ட வழக்கு, பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் போட்ட வழக்கோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது. 1985 ஜூலை 10-ல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையிலேயே அடக்கம் என்றார்கள். அதே தீர்ப்பு, முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு இடிக்கலாம் என்றும் சொன்னது. 1976 கணக்கெடுப்பில் அட்டை கிடைத்தவர்களுக்கு மட்டும் மாற்று பிட்ச் தர வேண்டும் என்றது. வழக்கில் ஜெயித்தாரா தோற்றாரா என்று கேட்டால் என்னால் ஒரு சொல்லில் சொல்ல முடியாது.

அந்த 1976 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? அதிலிருந்து பம்பாய்க் குடிசைக்காரர்களின் வாழ்க்கை ஒரு தேதியில் தொங்க ஆரம்பித்தது. தேதிக்கு முன்னால் வந்தவனா, பின்னால் வந்தவனா? கட்-ஆஃப் 1976 என்பது பிறகு 1980 ஆனது, 1985, 1990, 1995, அப்புறம் 2000. ஒவ்வொரு தேதிக்கும் காகிதம் காட்ட வேண்டும். அதில் பெரிய காகிதம் போட்டோ பாஸ். கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கிற படம், குடிசை எண், முத்திரை. எங்கள் வீட்டில் கல்யாண போட்டோ கிடையாது. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த முதல் படமே போட்டோ பாஸ் படம்தான். இரண்டு பேரும் குற்றவாளிகள் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பார்கள். அதை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில், பழைய ஆங்கில அர்த்தத்தில் 'புட் அப்' செய்து வைத்திருந்தாள். மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் பரணுக்கு ஏறுவது அந்தப் பெட்டி. அடுத்தது நாங்கள்.

அற்புதத்தின் கதை காலனியோடு முடியவில்லை. இடிப்புக்குப் பிறகு கொஞ்ச காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். எழுபதுகளில் அவர் தொடங்கியிருந்த தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, எண்பதுகளில் ஸ்பார்க் என்ற அமைப்போடும், பைகுல்லா நடைபாதைப் பெண்கள் 1986-ல் உண்டாக்கிய மகிளா மிலனோடும் கை கோர்த்தது. தினமும் வீடு வீடாகப் போய் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சேமிப்பு வாங்குவார்கள். வங்கிக்காரனாகச் சொல்கிறேன், எங்கள் வாராக்கடன் கமிட்டிகள் அந்தப் பெண்களிடம் ஒரு மாதம் பயிற்சிக்குப் போகலாம். இன்னொன்றும் செய்தார்கள். அரசாங்கம் வந்து எண்ணுவதற்கு முன்னால் தங்கள் குடிசைகளைத் தாங்களே எண்ணி, வரைபடம் போட்டு வைத்துக்கொண்டார்கள். 1976-ல் பட்டது பாடமாகியிருக்கிறது. அற்புதத்துக்கு 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபர் 13-ல் காலமானார். செய்தி வந்த அன்று நான் இங்கே அலுவலகத்தில் இருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த கோயம்புத்தூர் நண்பரிடம் சொன்னேன். "யாரு அவரு?" என்றார். சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அடுத்த கேள்வி, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வரும்.

அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். இந்தப் பதிவை எழுத இரண்டு வாரம் ஆனதற்குக் காரணமும் அதுதான்.

பி.காம். முடித்து வங்கி நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, குழுவில் இருந்த ஒரு பெரியவர் அன்பாகத்தான் கேட்டார், "வேர் ஆர் யூ புட்டிங் அப்?" என்று. நம்மவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். இங்கிலாந்தில் அது இரண்டு நாள் தங்கலுக்கான சொல். நம் ஊரில் நிரந்தர விலாசத்துக்கே அதுதான் கேள்வி. எனக்கு அன்று அது பொருத்தமாகவே பட்டது. 1976-லிருந்து தங்கிக்கொண்டுதானே இருக்கிறோம்! "செம்பூர்" என்று சொன்னேன். செம்பூர் என்றால் ஐயர் மெஸ், கோயில், கச்சேரி சபா. சீத்தா கேம்ப் என்றால் வேறு. வேலை கிடைத்தது.

நாலைந்து வருஷம் கழித்து நான் கடன் பிரிவில் இருந்தேன். எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கும் ஒரு அண்ணாச்சியின் விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. பழைய டெம்போ ஒன்று வாங்கக் கடன். மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏற்றுகிற தொழில். பத்து வருஷமாக வாடகை வண்டி ஓட்டிச் சம்பாதித்தவர். கால் பங்குப் பணத்தைக் கையில் வைத்திருந்தார். போட்டோ பாஸ், ரேஷன் கார்டு எல்லாம் சரி. ஆனால் அந்தக் காலத்தில் நான் வேலை பார்த்த வங்கியில் ஒரு பட்டியல் இருந்தது. 'நெகட்டிவ் ஏரியா' என்பார்கள். அந்த விலாசங்களுக்குக் கடன் கொடுத்தால் வசூல் கஷ்டம் என்று ஒரு கணிப்பு. எங்கள் பேட்டை அதில் இருந்தது. விதிவிலக்குக் கேட்டு நோட் போட இடமுண்டு. அதற்கு நான், "இந்த ஆளை எனக்குத் தெரியும், இந்த இடத்தை எனக்குத் தெரியும்" என்று எழுத வேண்டும். எப்படித் தெரியும் என்று மேலே கேட்பார்கள்.

மேலாளர் கோப்பின் ஓரத்தில் வழக்கம்போல 'ப்ளீஸ் புட் அப்' என்று எழுதியிருந்தார். நான் புட் அப் செய்தேன். 'பரிந்துரைக்கப்படவில்லை.' கீழே என் கையெழுத்து.

அண்ணாச்சி கந்துவட்டிக்கு வாங்கித்தான் டெம்போ எடுத்தார். அடைக்க ஏழு வருஷம் ஆயிற்று என்று பின்னால் தெரிந்தது. அந்த நோட்டைப் போட்டது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். நானே சொன்னேன், அப்போதே. அவர் திட்டவில்லை. "ஒன் வேல அது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

மகளிடம் இதையும் சொன்னேன். அவள் பள்ளித் தாளில் பெருக்கல் குறி வாங்கிய அந்தப் பத்தாவது அர்த்தம் இதுதான் என்று. அவள் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்போ நீங்க செம்பூர் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். இத்தனை வருஷமாக அவளும் தோழிகளிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தது.

போன தீபாவளிக்கு மும்பை போயிருந்தபோது நாக்காவில் அண்ணாச்சியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. இப்போது மகன்தான் வண்டி ஓட்டுகிறானாம், இரண்டு வண்டி. "தம்பி, பஹ்ரைன்ல எங்க இருக்கீக?" என்று விசாரித்தார். இடத்தின் பெயரைச் சொன்னேன். கட்டிங் சாய் சொன்னார். குடித்து முடித்ததும் நான் பர்ஸை எடுப்பதற்குள் அவர் காசைக் கல்லாவில் போட்டுவிட்டார்.